பேட்டரியைத் தின்றது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நடந்த கூத்தை நீங்கள் மறந்திருக்கலாம். கொரட்டூர் மறக்கவில்லை.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திறங்கிய அருள்தாஸ், இஸ்திரி கலையாத சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன் வெள்ளைக் காரைத் தானே தள்ளினார். பக்கத்தில் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மனைவி ஜெயசீலியும் தள்ளினாள். பூசை முடிந்து வந்தவர்கள் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். கையோடு ஒரு யோசனையும் கொடுத்தார்கள். "ஏசி கீது, பட்டனைத் தட்டுனா கண்ணாடி எறங்குது, இம்மாம் பெரிய காரு கிளம்ப மட்டும் மாட்டேங்குதே" என்று ஒரு கிழவர் சொன்னதுதான் ஜெயசீலியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அன்று மாலையே அவள் பழி தீர்த்துக்கொண்டாள். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லுகிற அன்பியக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றாள். மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் டேவிட்டைத் திருடன் என்று சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரு கஷ்டப்பட்டு வாங்கின காரை, நாங்க தூங்கினதுக்கு அப்புறம் இந்த டேவிட்டு சவாரிக்கு ஓட்டிகினு கீறான். அதான் பேட்டரி வாரா வாரம் செத்துப் போவுது. மாதா மேல சத்தியமா சொல்றேன்."

சத்தியம் வேறு. வாய்க்குப் பூட்டு கிடையாது அவளுக்கு.

ஆவடி டாங்கி பாக்டரியில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்க்கும் டேவிட், "கிலோமீட்டர் மீட்டரைப் பாருங்க" என்று மட்டும் சொன்னான். அவன் மனைவி சகாயமேரி அழுதுகொண்டே எழுந்து போனாள். அன்று இரவே அருள்தாஸ் தீர்ப்பு எழுதிவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள மாடியைக் காலி பண்ணிடு." அவர் கட்டிய வீடு, அவர் சொன்னதுதான் சட்டம்.

அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

காலைப் பூசைக்குக் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பாமல் என்ன? நேற்றுத்தான் மெக்கானிக் கன்னியப்பன் பேட்டரியை எடுத்துப்போய்ச் சார்ஜ் ஏற்றி மாட்டியிருந்தார். பேட்டரியே புதுசு. பழையதைப் போன மாதம்தான் தூக்கி எறிந்தார்கள். புதுசும் நாலைந்து நாளில் படுத்துவிடுகிறது. "பேட்டரி மேல தப்பில்லைம்மா. வண்டியை யாராவது எடுக்கறாங்களா பாருங்க" என்று போன தடவை கன்னியப்பன் ஒரு பேச்சுக்குச் சொல்லப்போக, ஜெயசீலி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஆத்திரத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. காரின் டாஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா சுரூபம் ஒன்று. அதன் காலடியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் கார் தலையோடு கால் கவர் போட்டு போர்ட்டிகோவில் கிடக்கும். ஞாயிறு காலை கவரை விலக்கினால் பேட்டரி செத்திருக்கும், மாதாவின் விளக்கும் அணைந்து கிடக்கும். கார் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், மாதாவை இருட்டில் நிறுத்திய பாவியைப் பொறுக்கமாட்டாள்.

பூசை முடிந்து வந்து காரை போர்ட்டிகோவில் விட்டதுதான் தாமதம், டேவிட் படியிறங்கி வந்தான். கையில் ஒரு பை. பின்னால் சகாயமேரி, அழுது சிவந்த கண்ணோடு.

"அண்ணே, காலி பண்ணச் சொன்னீங்க. பண்றேன். சாமான் கட்டியாச்சு. மத்தியானம் மேல டெம்போ வருது. அதுக்கு முன்னால இந்தக் காரை ஒரு வாட்டி நான் பாக்கணும்."

"நீ பாத்து இன்னா ஆவப் போவுது?" என்றார் அருள்தாஸ், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"திருடன்னு பேரு வாங்கிகினு போவ மாட்டேன். அது எப்படி சாவுதுன்னு காட்டிட்டுப் போறேன்."

"மீட்டரைப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னாரு. யாரு கேட்டீங்க?" என்று சகாயமேரி இடையில் புகுந்தாள்.

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "மீட்டர் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டத் தெரியாதா உன் புருசனுக்கு? டாங்கியையே பிரிச்சு மாட்றவராச்சே."

"அக்கா, நாக்குல நரம்பில்லன்னு பேசாதீங்க."

"யாருக்குடி அக்கா? இந்த ஊட்டுச் சோத்தைத் தின்னுட்டு..."

"எங்க சோத்தை நாங்கதான் தின்னோம்!"

"போதும், நிறுத்துங்க!" என்று அருள்தாஸ் கத்தினார். "காரை ஒண்ணும் பாக்க வேணாம். போறதுன்னா மரியாதையா போ. முடிஞ்சு போன விஷயத்தைக் கிளறிகினு."

தம்பி மேல் இன்னும் பாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவன் கையும் களவுமாக மாட்டுவதைப் பார்க்க மனசில்லை என்று ஜெயசீலி நினைத்துக்கொண்டாள். அந்தப் பாசத்தை இன்றோடு தீர்த்துவிட வேண்டும் என்றும் நினைத்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே ஊதியது ஜெயசீலி.

"பாக்கட்டுங்க" என்றாள். "நல்லா பாக்கட்டும். நானும் பக்கத்துலயே நின்னு பாக்கறேன். சாவியைக் குடுங்க."

அருள்தாஸ் கொடுக்கவில்லை. அவளே அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து, டேவிட்டின் கையில் படாமல் பானெட்டின் மேல் வீசினாள்.

டேவிட் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு திறந்தால் எரிகிற மேல் விளக்கின் பல்பை முதலில் கழற்றி வைத்தான். ரேடியோ, ஏசி, டிக்கி விளக்கு, எல்லாம் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பார்த்தான். அண்ணி கத்துவாளே என்று மாதா பக்கம் மட்டும் திரும்பவில்லை. சாவியை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி படியில் வைத்தான்.

"இப்ப வண்டி தூங்குது. தூங்கற வண்டி கரண்டு திங்கக் கூடாது. தின்னா, இந்த பல்பு காட்டிக் குடுத்துடும்."

பையிலிருந்து ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்தான். அதில் இரண்டு ஒயர் தொங்கியது. பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றினான். ஒரு ஒயரைக் கேபிளில் மாட்டினான். இன்னொன்றைப் பேட்டரியின் மேல் வைக்கப் போனான்.

அருள்தாஸும் சகாயமேரியும் முன்னால் நின்று அந்த பல்பையே பார்த்தார்கள். ஜெயசீலி மட்டும் டிரைவர் கதவருகில் நின்றாள். உள்ளே எதையாவது செருகி ஏமாற்றிவிடுவானோ என்று காவல். தூக்கி நின்ற பானெட் அவர்களை அவளிடமிருந்து மறைத்தது.

"எரியுது!" என்று சகாயமேரியின் குரல் கேட்டது. "மங்கலா எரியுது பாருங்க மாமா! ஏதோ திங்குது!"

ஜெயசீலி பார்த்தது அந்த பல்பை அல்ல. அவள் கண் முன்னால், சாவி இல்லாத காரில், மாதாவின் காலடியில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

டேவிட் ஒயரை எடுத்தான். மாதா விளக்கு அணைந்தது. மறுபடி வைத்தான். எரிந்தது. எடுத்தான், அணைந்தது.

ஜெயசீலிக்கு அம்பத்தூர் கடை ஞாபகம் வந்தது.

நாலு மாதத்துக்கு முன், கார் வந்த புதிதில், அம்பத்தூரில் ஸ்டீரியோ, சீட் கவர் மாட்டுகிற கடை ஒன்றுக்கு, அருள்தாஸ் மஸ்கட்டில் இருந்ததால், ஞாயிறுதோறும் கார் ஓட்ட வரும் கூலி டிரைவரோடு அவள் போயிருந்தாள். சாவி போட்டால் எரிகிற மாதிரி விளக்கு மாட்டவா என்று கடைக்காரன் கேட்டான். வேண்டாம் என்றாள். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராத்திரி பகல் எந்நேரமும் எரிய வேண்டும் என்றாள். அவன் தயங்கினான். "சொன்னதைச் செய்யி" என்று அதட்டினாள். மிளகாய்ப்பழம் அளவு பல்பு. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற அணையா விளக்கு மாதிரி எரியட்டும் என்று நினைத்தாள். அதற்குப் போய் இத்தனை பெரிய பேட்டரி கணக்குப் பார்க்குமா?

பார்த்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது. பேட்டரி செத்து விளக்கை அணைத்ததாக நினைத்தாளே, அந்த விளக்குத்தான் பேட்டரியைச் சாகடித்திருக்கிறது. அவளோ மாதா மேல் சத்தியம் செய்து கொழுந்தனைத் திருடனாக்கிவிட்டாள்.

"பியூஸை ஒண்ணொண்ணா புடுங்கறேன். எதைப் புடுங்கினா பல்பு அணையுதோ அதான் குத்தவாளி. மேரி, நீ பல்பைப் பாத்துகினே இரு" என்றபடி டேவிட் டிரைவர் பக்கம் வந்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து தலையை நுழைத்தான்.

நிமிர்ந்தால் மாதா தெரிவாள். ஜெயசீலி சட்டென்று முந்தானையை எடுத்துச் சுரூபத்தின் மேல் போட்டாள். தூசி துடைப்பதுபோல் தேய்த்தாள். சேலை வழியாக விளக்கின் இளஞ்சூடு விரலில் பட்டது.

"எரியுதா?"

"எரியுது."

"இப்ப?"

"எரியுது."

ஒவ்வொரு 'எரியுது'வுக்கும் ஜெயசீலி முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"போதும் விடு, டேவிட்டு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. வெயில் ஏறுது."

"இப்ப மட்டும் அவசரமா அண்ணி?" உள்ளேயிருந்தே கேட்டான். "அன்னைக்கு அன்பியத்துல எழுந்து நின்னப்ப இந்த அவசரம் இல்லையே."

கடைசி பியூஸும் வெளியே வந்தது. "இன்னும் எரியுது" என்றாள் சகாயமேரி. டேவிட் வெளியே வந்து முதுகை நிமிர்த்தினான். மாதா முந்தானைக்குள் பத்திரமாக இருந்தாள்.

"அப்ப பியூஸ் வழியா போவல. எவனோ நேரா பேட்டரியிலேந்து இழுத்து வுட்டுக்கீறான்."

அருள்தாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதோ ஒயரிங் கோளாறு. புரிஞ்சு போச்சு இல்ல? போய் சாமானை எறக்கு."

"கோளாறுன்னு ஒத்துகினீங்களா? அப்ப யாரு பண்ணதுன்னும் பாத்துடலாம்." டேவிட் பேட்டரியின் பிளஸ் முனையைத் துழாவினான். கிளாம்புக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றி, நூல்போல ஒரு சிவப்பு ஒயர். அது டாஷ்போர்டு பக்கம் ஓடி மறைந்தது.

"தோ கீது பாரு. இதை வெட்டிட்டு பல்பு அணையுதான்னு பாக்கறேன்." பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"கை வைக்காதே!"

ஜெயசீலி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அது நேர்ச்சை விளக்கு! அதை அணைக்கக் கூடாது! அவரு மஸ்கட்டை விட்டு மொத்தமா ஊட்டுக்கு வர்ற வரைக்கும் அணையாம எரியணும்னு மாதாகிட்ட வேண்டிகினு கீறேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பிளேயர் டேவிட்டின் கையில் அப்படியே நின்றது. சகாயமேரி சுற்றிப்போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தாள். சாவியில்லாமல் எரிகிற விளக்கைப் பார்த்தாள். திரும்பி வந்து ஜெயசீலியின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"ஒரு வாரமா தெருவுல தலை காட்ட முடியல. தண்ணி லாரிகிட்ட நின்னா, ராத்திரி சவாரி எவ்ளோன்னு கேக்கறாளுங்க. பாக்டரி வரைக்கும் போயிடுச்சு பேச்சு. நீ வெளக்கேத்தி வெச்சுகினு என் புருசனைத் திருடன்னியா?"

'நீ' என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் ஜெயசீலி. "அந்தச் சின்ன பல்பு இவ்ளோ திங்கும்னு..."

"தெரியாதுல்ல? தெரியாத விஷயத்துக்குச் சத்தியம் பண்ணீங்கல்ல?" டேவிட் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "சாயங்காலம் அன்பியம் இந்த ஊட்லதான். எந்த வாய் சொல்லிச்சோ அந்த வாய் சொல்லணும். அண்ணே, நீங்க இன்னா சொல்றீங்க?"

அருள்தாஸ் எங்கேயோ பார்த்தார். "டெம்போ எத்தனை மணிக்கு வருது?" என்று கேட்டார்.

டேவிட் பல்பைக் கழற்றி, கேபிளை மாட்டி, பியூஸ்களை அததன் இடத்தில் செருகினான். சிவப்பு ஒயரைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனான்.

படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் ஜெயசீலி அழுதுவிட்டாள். "நான் பாவி. போய் அவனைக் கூப்புடுங்க. போவ வேணாம்னு சொல்லுங்க."

"போவட்டும்."

"இன்னாங்க சொல்றீங்க? அவன் காரை எடுக்கவே இல்ல!"

"எடுக்கலன்னு எனக்குத் தெரியும்." அருள்தாஸ் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "வந்தன்னைக்கே டயரைப் பாத்தேன். புது டயர்ல முடியாட்டம் நீட்டிகினு இருக்குமே ரப்பரு, அதுகூட தேயல. சவாரி ஓட்டுன வண்டியா அது?"

ஜெயசீலியின் அழுகை நின்றுவிட்டது. "தெரிஞ்சுகினேவா அவனைக் காலி பண்ணச் சொன்னீங்க?"

"மாடி வேணும். கூடப்பொறந்தவனைச் சும்மா எழுந்து போடான்னு எப்படி சொல்றது? நீ திருடன்னு சொன்ன. எனக்கு அது சௌகரியமா போச்சு."

"மாடி எதுக்கு?"

"வாடகைக்கு விட. வேற இன்னா வருமானம்?" ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "எங்க செக்ஷனையே மூடிட்டாங்க, சீலி. நான் லீவுல வரல. மொத்தமாதான் வந்துக்கீறேன். உன் மாதா கேட்டுட்டா, போ. போய் அந்த வெளக்கை அணை."

அவள் மூன்று வருஷமாக எதற்காக வேண்டினாளோ அது நடந்திருந்தது. நடந்த விதத்தைப் பார்த்தீர்களா? சந்தோஷப்படக்கூட அவளுக்கு வக்கில்லை.

"சாயங்காலம் வாயைத் தொறக்காதே" என்றார் அவர், எழுந்து நின்று. கெஞ்சலா மிரட்டலா என்று தெரியாத குரல். "அவன் திருடன் இல்லன்னு ஆரம்பிச்சா, அப்புறம் எதுக்குத் தொரத்துறீங்கன்னு கேப்பாங்க. என் வேலை போன கதை சந்திக்கு வரும். கார் வெச்சுகினு கையில வேலை இல்லாதவன்னு எவனும் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாது. புரியுதா?"

மாலையில் அன்பியத்துக்கு ஆள் கூடியது. வழக்கத்தைவிட அதிகம். எதிர்வீட்டுக் கதவு சும்மாவா திறந்தது? கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். போன வாரக் கதையின் மிச்சத்தைக் கேட்க அத்தனை முகத்திலும் ஆசை.

தலைவி ஆரோக்கியம்மாள் ஜெபமாலையைத் தொடங்கினார். தலைக்கு மேலே கட்டில் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'அருள் நிறைந்த மரியே' சொல்லும்போது யாரோ மாடியிலிருந்து பீரோவை இறக்கினார்கள். வாசலில் டெம்போ நின்றது. அருள்தாஸ் அறைக் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மனைவியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.

"யாருக்காச்சும் மன்றாட்டு, சாட்சி எதுனா கீதா?" என்று ஆரோக்கியம்மாள் கேட்டார்.

ஜெயசீலி எழுந்தாள். அருள்தாஸ் தொண்டையைக் கனைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"போன வாரம் டேவிட்டைத் திருடன்னு சொன்னேன். மாதா மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன். அது பொய். அவன் காரைத் தொடவே இல்ல. பேட்டரியைக் கெடுத்தது நான்தான். நான் மாட்டி வெச்ச வெளக்குதான் தின்னுகினு இருந்துச்சு. அவன்தான் கண்டுபுடிச்சான். ஆண்டவர் என்னை மன்னிக்கணும். அவனும் அவன் பொஞ்சாதியும் மன்னிக்கணும்."

படியில் சகாயமேரி ஒரு அண்டாவோடு நின்றிருந்தாள். கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அண்டாவைத் தூக்கிக்கொண்டு டெம்போவை நோக்கி நடந்தாள்.

ஆரோக்கியம்மாள் அவள் போவதையே பார்த்தார். பிறகு ஜெயசீலியைப் பார்த்தார். "நல்லது செஞ்சேம்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ள மேல தப்பே இல்லன்னா, இன்னும் எதுக்கு ஊட்டைக் காலி பண்ணிகினு கீறாங்க?"

அருள்தாஸ் சாய்ந்திருந்த கதவைவிட்டு நிமிர்ந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண்ணில் பயத்தை ஜெயசீலி பார்த்ததில்லை.

"அதை அவரையே கேளுங்கக்கா" என்றாள்.